கோரிக்கை இல்லாத ஹர்த்தால்

எனக்குத் தலை சுற்றியது ஒரு திங்கட்கிழமை காலையில், தோசைக்கல்லின் முன்னால். சுற்றியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அடுப்பு இருந்த இடத்தில் இருந்தது, நானும் நின்ற இடத்தில் நின்றேன், சுவர் மட்டும் மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது. கரண்டியைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லில் கிடந்த தோசை கருகியது. கூடத்தில் கடையாட்கள் நாலு பேர் தட்டோடு காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, தீய்கிற வாடை வருகிறதே என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தரையில் இருந்த என்னைப் பார்த்தார். அப்புறம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்திலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா காதைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், எர்ணாகுளத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றும் இல்லாமலா சுவர் சரிந்தது? பிரஷர் கொஞ்சம் கூடுதல், தூக்கம் குறைவு, டென்ஷனைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். டென்ஷன் என்ன குழம்பில் கூடிப்போன உப்பா, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் குறைப்பதற்கு? அதை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது முழுதாக ஓய்வு எடுங்கள் என்றார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வருகிற வழியில் ராத்திரிச் சட்னிக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எங்களுக்கு மிளகாய் வற்றல் மொத்தக் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கடையில் வேலைக்கு நிற்பவர்களை ஊரிலிருந்துதான் கூட்டி வருவார்கள். அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்துதான் போகும். ஓட்டலில் சாப்பிடச் சொல்வது மரியாதைக் குறைவு. ஆள் மனசு கோணிவிடும், ஊரில் பேச்சு வரும். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே கடையாட்களுக்குச் சோறு வடித்தேன். அன்றிலிருந்து வடித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் மாறினார்கள், அடுப்பு மண்ணெண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறியது, மகள் பிறந்து படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகித் தேவராவுக்குப் போய்விட்டாள். சோறு மட்டும் நின்றதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் கஞ்சி வைத்தேன், எல்லோருக்கும் கஞ்சி. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது குறையாகத் தெரிந்ததும் இல்லை.

தலை சுற்றல் வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு ஹர்த்தால் வந்தது. முன்பெல்லாம் இங்கே நினைத்தால் ஹர்த்தால். காலையில் எழுந்து வாசலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இப்போது அபூர்வமாகிவிட்டது. கடை இல்லை, பஸ் இல்லை, ஆபீஸ் இல்லை. பஜார் ரோட்டில் லாரிச் சத்தம் இல்லாமல் காக்கைச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் அரசாங்கத்தையும் எதிர்க்கட்சியையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். கடையாட்கள் மாடியில் சீட்டு ஆடினார்கள். சும்மா இருந்தால் வயிறு கேட்குமே. பதினொரு மணிக்கு ஒருத்தர் வந்து, அக்கா, பஜ்ஜி போட்டா நல்லா இருக்கும் என்றார். ஊரே அடைத்துக் கிடந்த அன்றைக்கு எனக்கு மட்டும் வேலை கூடுதல்.

பஜ்ஜி மாவைக் கரைத்துக்கொண்டே பின்வாசலில் நின்று புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுச் சேச்சி. என்னைவிட மூத்தவர். வயசுக் காலத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, யூனியனில் கொடி பிடித்து, ஒருமுறை போலீஸ் வண்டியிலும் ஏறியவர். அந்த வண்டிக் கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகத் துணியைக் காயப்போட்டுவிட்டு, மலையாளமும் தமிழும் கலந்த அவர் பேச்சில் சொன்னார்:

"மோளே, ஹர்த்தால் ஆராவது விளிக்கட்டும்னு காத்திருந்தா நமக்குக் கிட்டாது. நம்மதான் விளிக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பஜ்ஜியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, இனிமேல் புதன்கிழமை தோறும் அடுப்படி அடைப்பு என்று அறிவித்தேன். அவர் பேந்தப் பேந்த முழித்தார். கனவு என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் விலக்கு என்று கேட்டார். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரிக்கு விலக்கு என்று சொல்லித்தான் இங்கே ஹர்த்தால் அறிவிப்பார்கள். கேரளத்தில் இத்தனை வருஷம் கடை நடத்தியவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான். காலைச் சாயாவுக்கு மட்டும் விலக்கு என்றேன்.

 மறுநாளிலிருந்து பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. முதலில் நான் எதற்கோ கோபமாக இருக்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டார். என்ன தப்பு செய்தோம் என்று பழைய கணக்கையெல்லாம் மனசுக்குள் புரட்டியிருப்பார் போல. அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணத்தில் எனக்குச் சேலை எடுக்காமல் விட்டதைத் தானாகவே எடுத்துச் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் சொன்ன பிறகு புதிதாகக் கோபம் வந்தது. அடுத்து, புது கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பாத்திரம் கழுவ ஆள் வைக்கிறேன் என்றார். வையுங்கள், ஆனால் புதன்கிழமை புதன்கிழமைதான் என்றேன். ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறாயா என்றார். ஊரில் யார் சமைப்பார்கள்? என் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு நான் போய் ஏன் பாரமாக இருக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். வியாபாரிகள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தகராறு வந்தால் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பவர். சும்மா சாயா குடிக்க வந்தேன் என்றுதான் சொன்னார். சாயா கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்து, அக்காவுக்கு என்ன டிமாண்ட் என்று சொன்னால் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடலாம் என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. எனக்கு டிமாண்ட் ஒன்றும் இல்லை என்றேன். சம்பளமோ, நகையோ, வேறு வசதியோ? ஒன்றும் இல்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, டாக்டர் கைவிரிக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டிமாண்ட் இல்லாத சமரத்தைத் தீர்க்கப் பற்றாது சேட்டா."

சமரம் என்றால் இங்கே போராட்டம். தீர்க்க முடியாத போராட்டம் என்று சங்கமே சொல்லிவிட்ட பிறகு என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? புதன்கிழமை கடையாட்களை ஓட்டலில் சாப்பிடச் சொன்னார். ஊரில் பேச்சு வரும் என்று முனகினார். வரட்டும் என்றேன்.

முதல் புதன்கிழமை நான் என்ன செய்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. காலையில் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டின் நடுவில் நின்றேன். எல்லோரும் போய்விட்டார்கள். பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டை இறக்கும் வாடை வீட்டுக்குள் வந்தது. உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன். டிவியைப் போட்டால் அதிலும் எவளோ சமைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அஞ்சறைப் பெட்டியையும் மளிகை டப்பாக்களையும் இறக்கிக் கழுவ உட்கார்ந்துவிட்டேன். பின்வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சேச்சி, கரிங்காலி, கரிங்காலி என்று கையைத் தட்டிக் கூவினார். வேலைநிறுத்தத்தின் போது ஒளிந்துபோய் வேலை செய்கிறவனை நம் பக்கத்தில் கருங்காலி என்று ஏசுவார்களே, அதேதான். சொந்தப் போராட்டத்துக்கே கருங்காலியாக இருந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த புதன்கிழமை தூங்கினேன். அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். எழுந்தபோது வெயில் போயிருந்தது.  யாருக்கோ சோறு போடாமல் விட்டுவிட்டோம் என்று அரக்கப் பரக்க அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பார்த்த பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது.

அதற்கடுத்த வாரம் வெளியே கிளம்பினேன். எங்கே போவதென்று தெரியவில்லை. கால் போன போக்கில் நடந்து, வெள்ளைக்காரர்கள் பழைய பித்தளைச் சாமான்களை விலை பேசிக்கொண்டு நிற்கும் தெருவைத் தாண்டி, படகுத்துறையில் போய் நின்றேன். எர்ணாகுளத்துக்குப் படகு கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, துணிக்கடைக்கு, மகளின் காலேஜுக்கு என்று ஏதாவது ஒரு காரியத்துக்குத்தான் படகில் போயிருக்கிறேன். காரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருவருக்கு வேலை நடக்கிறது, எனக்கு அதில் சம்பந்தமில்லை என்று நினைத்தபோது நன்றாக இருந்தது.

எர்ணாகுளத்தில் இறங்கிப் பசித்தது. ஒரு சாயாக்கடையில் போய் உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.  வீட்டுக்காரருக்கு ரவா தோசை, மகளுக்குப் பரோட்டா, கடையில் இருக்கும் பெரியவருக்கு எண்ணெய் ஆகாது, இன்னொருத்தருக்குக் கத்தரிக்காய் ஆகாது. அத்தனையும் மனப்பாடம். எனக்கு என்ன பிடிக்கும்? கடைக்காரர் மேசையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வந்து கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டினேன். பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. தின்று பார்த்தேன். அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தெரிந்ததே பெரிய விஷயம் என்று பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் ஒன்றொன்றாகத் தின்று பார்த்தேன். எனக்குப் பிடித்தது கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். மிளகாய்க் கடைக்காரர் பெண்டாட்டிக்கு வேறென்ன பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

அப்படியே மாதங்கள் ஓடின. குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. இரண்டு புதன்கிழமை ஓட்டலில் தின்று சலித்துப்போன கடையாட்கள் மூன்றாவது வாரம் தாங்களே சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒருத்தர் வைக்கிற மீன் குழம்பு என் குழம்பைவிட நன்றாக இருக்கும் என்று தெரிய வந்தது. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் என் குழம்பைத் தின்றிருக்கிறார், பாவம். என் வீட்டுக்காரர் சட்னிக்கு உப்புப் போடக் கற்றுக்கொண்டார். பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டரம்மா குறைத்தார். சுவர் மறுபடியும் சரியவில்லை.

இதில் எல்லோரையும்விடக் கொண்டாடியது என் மகள்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுதுவதெல்லாம் மலையாளம்தான். புதன்கிழமை தவறாமல் படகுப் படம் ஒன்றை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, ஹர்த்தால் வாழ்த்துகள் என்று மலையாளத்தில் எழுதுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தேவராவில் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் ஒன்றாக இருக்கிற வீடு. அவர்களும் நம் ஆட்கள்தான், நல்ல மாதிரி. விடியுமுன்னே எழுந்து எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு எர்ணாகுளத்துக்கு ஆபீஸ் போவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் அடுப்படி. அப்புறம் ஆபீஸ் மிச்ச வேலைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அவளுடைய மாமியார் என்னிடம் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இல்லை என்கிற வார்த்தையே அவள் வாயில் வராது, அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள் என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். நல்ல வளர்ப்பு என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை காலை நான் படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். மறுநாள் மாமியாரின் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருகிறார்களாம். அவளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லையாம். அம்மா, நீ இன்றைக்கு வந்து அரைக்கிறதையும் வெட்டுகிறதையும் செய்து கொடுத்தால் நாளைக்குச் சமாளித்துவிடுவேன் என்றாள். முன்பு என்றால் அவள் பேசி முடிப்பதற்குள் நான் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டியிருப்பேன். அன்றைக்கு நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். வேனில் வருகிறவர்களுக்கு ஓட்டல் சாப்பாடு ஆகாதா? வீட்டில் இருக்கிற ஆண்களுக்குக் கை இல்லையா?

"இன்னைக்குப் புதன்கிழமைட்டி. முடியாது" என்றேன்.

 சரிம்மா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். நான் படகில் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்க்கத் தோன்றவில்லை. மனசு அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நாலைந்து முறை போனை எடுத்தேன். எடுத்து எடுத்து வைத்தேன். ஒரு தடவை இந்த நாளை விட்டுக்கொடுத்தால் அப்புறம் இது என் நாளாக இருக்காது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கப்பை ருசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் மருமகன் போன் செய்தார். ஆபீஸுக்குப் போக நின்றவள் தேவரா ஜங்ஷன் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம். பஸ் உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தோள்பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு முறை சொன்னார். ஆட்டோக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம்.

நானும் என் வீட்டுக்காரரும் ஆட்டோவில் போனோம்.  பாலத்தின் மேல் போகும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பிள்ளைக்கு முடியாது என்று சொன்னேன், அந்த வாரமே பிள்ளை பஸ் சக்கரத்துக்குக் கிட்டே போய்விட்டது. நம் ஆட்கள் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பார்களா? நானே போட்டுவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அங்கே இருந்த டாக்டரும் சொன்னார். ரத்தம் குறைவு. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. தூக்கம் சுத்தமாக இல்லை. எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னார், வயசுதான் பாதி. ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போனாலும் ஒரு மாசத்துக்கு எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும், இப்படியே போனால் அடுத்த தடவை இழுத்துப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று கடுப்பாகவே சொல்லிவிட்டுப் போனார்.

மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்றார். மகள் கட்டிலில் படுத்திருந்தாள், கையில் குளுக்கோஸ் ஊசி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை அவளுக்கு இவ்வளவு தொளதொளத்ததை நான் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அன்னைக்கு என்கிட்ட முடியாதுன்னு சொன்னேல்ல. அதை எப்படிம்மா சொன்ன?"

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்ட பிறகு தானும் சொல்லிவிடலாம் என்று இருந்தாளாம். நாளைக்குச் சமையல் என்னால் முடியாது அத்தை, வெளியே சொல்லிவிடலாம் என்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்து அத்தை முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டதாம். என்ன வார்த்தை என்று கேட்டேன். சரி அத்தை என்று வந்ததாம். ராத்திரி முழுக்கத் தனியாக அரைத்து வெட்டி வைத்துவிட்டு, காலையில் சமைத்து இறக்கிவிட்டு, அப்படியே ஆபீஸுக்கும் போயிருக்கிறாள்.

"உனக்கு எப்படிம்மா அது வாயில வந்துது? எனக்கு வரவே மாட்டேங்குது" என்றாள்.

 கோலம் போட, புளி கரைக்க, சேலை மடிக்க, யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க, எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்காததையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் பார்த்து வளர்ந்த வீட்டில் இந்த ஒரு வார்த்தை புழக்கத்தில் இல்லை. எனக்கே அது வந்தது சுவர் சரிந்த பிறகுதான். அதைச் சொல்லித் தரத் தெரியாமல் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. அவளுடைய மாமியார். ஒரு கையில் ஊசி இருந்ததால் மகள் ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா அக்கறையாகத்தான் விசாரித்தார். காய்ச்சல் இருக்கிறதா, இட்லி இறங்கியதா, சாயங்காலம் வருகிறேன், என்ன கொண்டு வரட்டும் என்று எல்லாம் கேட்டார். பிறகு பேச்சோடு பேச்சாக, செவ்வாய்க்கிழமை சித்தப்பா வீட்டார் வருகிறார்களம்மா, அதற்குள் எழுந்துவிடுவாய் இல்லையா, உன் கைப் பிரியாணிதான் வேண்டுமாம் என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. என் நாக்கு நுனியில் பதில் காரசாரமாகத் தயாராக இருந்தது, கை போனை எடுக்கப் பாதி வழி போய்விட்டது. எடுத்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டிருப்பேன். கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இதை நான் சொன்னால் இந்தச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் ஆகும். அவள் சொல்ல வேண்டும். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். போனில் அந்த அம்மா ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல அத்தை. என்னால முடியாது."

குரல் அவளுடையதாகவே இல்லை. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.  பிறகு அந்த அம்மா, சரிம்மா, அப்படியானால் வெளியே சொல்லிவிடலாம், நீ உடம்பைப் பார் என்றார். முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே, வாயைத் திறந்து சொன்னால்தானே எனக்குத் தெரியும் என்று கொஞ்சம் கடிந்தும் கொண்டார். அப்புறம் வீட்டுத் தலையணையைக் கொண்டு வரட்டுமா, ஆஸ்பத்திரித் தலையணையில் தூக்கம் வராதே என்று கேட்டார். கொண்டு வாருங்கள் என்று மகள் சொன்னாள். பேச்சு முடிந்துவிட்டது.

மகள் கண்ணைத் திறந்து, போனைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான்" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். அப்படியே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவேதான். ஒரு வார்த்தை, ஒரு நிமிஷம், கொஞ்சம் டிவிச் சத்தம். இதைச் சொல்லாமல் நான் தலை நரைக்கிறவரை சோறு வடித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அன்றைக்கும் யாரோ ஒருவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்களோ என்னவோ.  முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் நிற்காமல் அழுதேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, முதுகைத் தடவி, அவளுக்கு ஒன்றும் ஆகாது, ரெண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.